எஞ்சின் இல்லாமல் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எஞ்சின்? திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

போன வருடம் கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அவருடைய மாமாவின் வீட்டுக் கொட்டிலில் 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் என்ற இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடக்கிறதாம். உடல் பரவாயில்லை, பதிவுப் புத்தகம் இருக்கிறது, கதவு இரண்டும் ஒழுங்காக மூடுகின்றன. எஞ்சினை மட்டும் யாரோ எப்போதோ ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றி அப்படியே விட்டுவிட்டார்கள். மாரி மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் நின்று துருவேறிப் போயிருக்கிறது. "அண்ணை, இதுக்கு எந்த எஞ்சின் போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டார். நான் கேட்டது, "கியர்பொக்ஸ் இருக்கா?" என்று. அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

புதிதாக இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் எஞ்சினின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். அந்தக் கதை கீழே வரும். எஞ்சின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை, நான் இப்போது செய்யும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அந்த மிட்ஜெட்டையே எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டோ, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரோ, எம்.ஜி.பி.யோ, எதுவானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் பழைய எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள்

துருப்பிடித்து இறுகிப்போன எஞ்சின் எல்லாம் குப்பை அல்ல. வார்ப்பிரும்பு பிளொக் என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். அதற்கும் மிஞ்சிவிட்டால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதிய உட்குழாய்) அடிக்கலாம். உண்மையில் கைவிட வேண்டிய நிலை என்றால், பிளொக்கில் வெடிப்பு, கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) உடைத்து வெளியே வந்த ஓட்டை, கிராங்க் (எஞ்சினின் அடியில் சுற்றும் பிரதான தண்டு) உட்காரும் இடமே சேதம், இந்த மூன்றும்தான். பிளொக்கைக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு, ஒரு நல்ல கடைச்சல் பட்டறையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செத்ததுதான் என்று முடிவானாலும் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு நீங்களோ, உங்களிடம் காரை வாங்குபவரோ அசல் எஞ்சினைத் திரும்பப் பூட்ட விரும்பலாம். சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றி, கிரீஸ் தடவி, பொலித்தீனில் சுற்றி, நிலத்தில் படாமல் பலகையின் மேல் வையுங்கள். இந்தக் காரணத்தால்தான் மாற்று எஞ்சினுக்காகக் காரின் சட்டத்தை வெட்டுவதற்கு நான் எப்போதும் எதிர்ப்பு. போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றம்தான் நல்ல மாற்றம்.

காரை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். மாலையில் உட்துறைமுக வீதியால் மெதுவாகப் போய், பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயில் வரை போய்வரவா? ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி, குச்சவெளிப் பக்கமா? அல்லது கந்தளாய் தாண்டி ஹபரணை வரை நீண்ட ஓட்டமா? முதல் இரண்டுக்கும் 1967இல் அந்தக் காரில் வந்த 1275 சி.சி. எஞ்சினின் 65 குதிரைவலுவே தாராளம். மிட்ஜெட்டின் மொத்த எடை கிட்டத்தட்ட 700 கிலோதான். கந்தளாய் வீதியில் 40 கிலோமீற்றர் ஒரே சீராக ஓடுவதென்றால் தேவைப்படுவது கூடுதல் குதிரைவலு இல்லை, ஐந்தாவது கியர். அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

அளவெடுக்க மீன் பெட்டி

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தை மூன்று பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து தீச்சுவர் (எஞ்சின் இடத்தையும் ஆட்கள் இருக்கும் இடத்தையும் பிரிக்கும் தகடு) வரை நீளம். இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் இடையில் அகலம். மிட்ஜெட்டில் பின்னால் போகப் போகக் கால்வைக்கும் பெட்டிகள் நெருங்கிவரும், ஆகவே முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் வேண்டும். மூன்றாவது உயரம்: குறுக்குச் சட்டத்தின் மேல்தளத்திலிருந்து பொனட்டின் அடிப்பக்கம் வரை. பொனட்டை மூடிவிட்டு அளக்க முடியாது. அதனால் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மூடி, அது எவ்வளவுக்கு நசுங்குகிறது என்று பாருங்கள்.

அளவுகள் தாளில் இருந்தால் போதாது. மீன் சந்தைப் பக்கம் உடைந்த ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். அவற்றைக் கழுவிக் காயவைத்து, வெட்டி ஒட்டி, நீங்கள் யோசிக்கும் எஞ்சினின் உருவத்தை அதே அளவில் செய்யுங்கள். சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) பள்ளம் எந்தப் பக்கம், ஒயில் ஃபில்டர் எங்கே துருத்துகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் எவ்வளவு உயரம், எல்லாம் அதில் வர வேண்டும். அந்தப் பொம்மை எஞ்சினை உள்ளே இறக்கிப் பாருங்கள். ஒரு பின்னேர வேலை இது. இதைச் செய்யாமல் வாங்கிய எஞ்சின்கள் எத்தனையோ கராஜ் மூலைகளில் நிற்கின்றன.

நான்கு இடங்களில் கண் வையுங்கள். ஒன்று சம்ப். பள்ளம் முன்னால் உள்ள சம்ப்பா, பின்னால் உள்ள சம்ப்பா என்பதைப் பொறுத்துக் குறுக்குச் சட்டத்தில் முட்டும் அல்லது முட்டாது. அடுத்தது புகைக்குழாய் வெளியேறும் பக்கம். நம்முடைய கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். மிட்ஜெட்டின் அசல் எஞ்சினில் காபரேட்டரும் புகைக்குழாயும் இடப்பக்கம் இருப்பதால் தொந்தரவில்லை. மாற்று எஞ்சினில் அது வலப்பக்கம் வந்தால் ஸ்டியரிங் தண்டோடு சண்டை பிடிக்கும், சூடும் காலுக்கு அடிக்கும். மூன்றாவது காபரேட்டரின் உயரம். மிட்ஜெட்டின் எஸ்.யூ. காபரேட்டர்கள் பக்கவாட்டில் படுத்திருப்பவை. யப்பான் எஞ்சின்களில் அது மேலே நின்றுகொண்டிருக்கும், அதன் மேல் காற்று ஃபில்டர் வேறு. பொனட் மூடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். கடைசியாக, கியர் தண்டு வெளியே வரும் இடம். அது உங்கள் கைக்கு வருகிறதா, இருக்கைக்குக் கீழே போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி எஞ்சின்கள்

எளிதான வழி, அதே குடும்பத்து எஞ்சின். மிட்ஜெட்டில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஏ சீரிஸ். 1951இல் ஒஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி.யாகத் தொடங்கி 948, 1098, 1275 என்று வளர்ந்தது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓடிய மொரிஸ் மைனரிலும் இதே எஞ்சின்தான். 1098 சி.சி. மைனர் எஞ்சினை மிட்ஜெட்டின் சொந்தக் கியர்பொக்ஸோடு, பின்தட்டையும் கிளட்ச்சையும் சரிபார்த்து, பூட்டிவிடலாம். வலு 1275ஐ விடக் குறையும். ஆனால் கார் அதன் இயல்போடு ஓடும். கூடுதல் வலு வேண்டுமென்றால் மொரிஸ் மரீனாவின் 1275 சி.சி. எஞ்சின் கிடைக்குமா என்று தேடுங்கள். அதுவும் பின்சக்கர ஓட்டத்துக்குச் செய்யப்பட்டது.

இங்கேதான் பலர் மினியிடம் ஏமாறுகிறார்கள். மினியிலும் 1275 சி.சி. ஏ சீரிஸ் உண்டு, விலையும் படியும், ஆகவே வாங்கிவிடுவார்கள். மினியில் எஞ்சின் குறுக்காக நிற்கிறது, கியர்பொக்ஸ் சம்ப்புக்குள் இருக்கிறது. அதன் கிராங்க் முனை கூம்பு வடிவம்; மிட்ஜெட்டின் கிராங்க் முனையில் போல்ட் போடும் தட்டு இருக்கும். ஃப்ளைவீல், பின்தட்டு, கிராங்க் எல்லாம் மாற்ற வேண்டி வரும். பிளொக்குக்கும் ஹெட்டுக்கும் மட்டும் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இரண்டாவது வழி யப்பான் எஞ்சின். என் மனம் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். காரணம் எளிது: அந்த எஞ்சின்கள் நம் வீதிகளில் வேனாகவும் காராகவும் ஓடின, இன்னும் ஓடுகின்றன. கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானா ஒருவர் இருக்கிறார். எழுபது வயது தாண்டியும் காதால் கேட்டே டப்பட் (வால்வு) இடைவெளி வைப்பார். எந்த எஞ்சின் வாங்கலாம் என்று அவரிடம் போய்க் கேட்டால் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "தம்பி, அதுக்கு வோட்டர் பம்ப் எங்க வாங்குவீங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் உள்ள எஞ்சின்கள் இரண்டு குடும்பம்.

நிசான் ஏ சீரிஸ்: டட்சன் 1200இல் வந்த ஏ12, 1171 சி.சி. அதன் அண்ணன்கள் ஏ14, 1397 சி.சி.; ஏ15, 1488 சி.சி. சன்னி பி310 கார்களிலும் வனெட் வேன்களிலும் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பி.எம்.சி. எஞ்சினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அளவில் ஏறக்குறைய ஒத்துவரும். இரும்பு பிளொக், அலுமினிய ஹெட். பி.எம்.சி.யில் கிராங்க்கைத் தாங்குவது மூன்று பெயாரிங், இதில் ஐந்து. அதனால்தான் இது நீண்ட நேரம் வேகமாகச் சுற்றினாலும் அலுக்காது. ஸ்பிரைட், மிட்ஜெட், மைனர் மூன்றிலும் உலகம் முழுக்கப் பலர் இதைப் பூட்டியிருக்கிறார்கள்.

டொயோட்டா கே சீரிஸ்: 3கே 1166 சி.சி., 4கே 1290 சி.சி., 5கே 1486 சி.சி. பழைய கொரோலாக்களிலும் லைட்ஏஸ் வேன்களிலும் வந்தவை. இதுவும் பின்சக்கர ஓட்டம், இதுவும் கட்டையான எஞ்சின். வேனிலிருந்து எடுத்ததென்றால் சம்ப், மவுண்ட், ஒயில் உறிஞ்சும் குழாய் ஆகியவை காரில் வந்ததை விட மாறியிருக்கும். உங்கள் ரிஜிபோம் பொம்மையை அந்த வேன் எஞ்சினைப் பார்த்தே செய்யுங்கள். எது நல்லது என்று கேட்டால், எது கியர்பொக்ஸோடு முழுதாகக் கிடைக்கிறதோ அதையே எடுங்கள் என்பேன். இரண்டும் சமம் என்றால் மிட்ஜெட்டுக்கு ஏ14.

மூன்றாவது வழி, நவீன இரட்டை கேம் எஞ்சின்கள். 1587 சி.சி. டொயோட்டா 4ஏ-ஜிஈ, மஸ்டா எம்.எக்ஸ்-5இன் எஞ்சின் போன்றவை. சத்தம் இனிமை, வலு அசலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் காருக்கு இது வேண்டாம் என்று மனமார்ந்து சொல்கிறேன். மிட்ஜெட்டின் பின் அச்சுத் தண்டுகள் மெலிந்தவை. அசல் வலுவையே முரட்டுத்தனமாகப் பிரயோகித்தால் உடைபவை. இரண்டு மடங்கு வலு வந்தால் அச்சு மாற்ற வேண்டும், அச்சு மாற்றினால் பிரேக், பிரேக் மாற்றினால் சக்கரம், இப்படியே போகும். பெற்றோல் ஊசி முறைக்கு அதிக அழுத்தப் பம்ப், டாங்கிக்குத் திரும்பும் குழாய், கணினிப் பெட்டி, வயர் கட்டு எல்லாம் சேர்ந்து வர வேண்டும்.

சொன்ன அந்தக் கதை இதுதான். பல வருடங்களுக்கு முன் ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்காக, கொழும்பில் ஒரு கடையில் டொயோட்டா 4ஏ எஞ்சின் ஒன்றை வாங்கினேன். முன்சக்கர ஓட்டக் காரிலிருந்து எடுத்தது. "பின்சக்கர பொக்ஸ் இலேசா எடுக்கலாம், எல்லாம் செட் ஆகும்" என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். பொருத்தமான பின்சக்கரக் கியர்பொக்ஸுக்காக இரண்டு வருடம் அலைந்தேன். கிடைக்கவில்லை. அதற்குள் திறந்த இன்லட் வாய்களால் உப்புக்காற்று உள்ளே போய், எஞ்சின் சுற்றாமல் இறுகிவிட்டது. வாங்கியதில் பாதி விலைக்குக் கொடுத்தேன். அந்த எஞ்சினில் பழுதே இருக்கவில்லை. நான் வாங்கிய ஒழுங்குதான் பிழை.

கியர்பொக்ஸும் டிஃபரன்ஷலும்

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒரே வண்டியிலிருந்து, பூட்டிய நிலையிலேயே வாங்குங்கள். பெல் ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பிறவியிலேயே பொருந்தி வரும். பிரித்து வாங்கினால் ஒவ்வொன்றும் தனிப் பிரச்சினை. கார் செய்தவர்களே இதைத்தான் செய்தார்கள்: 1974இல் மிட்ஜெட்டுக்கு ட்ரையம்ப்பின் 1493 சி.சி. எஞ்சினைப் போட்டபோது கியர்பொக்ஸையும் சேர்த்தே மாற்றினார்கள்.

இப்போது கணக்கு. மிட்ஜெட்டின் பின் அச்சு (டிஃபரன்ஷல்) விகிதம் 1968 வரை 4.22, அதற்குப் பின் 3.9. ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.75 மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1333 மீற்றர், அதாவது சக்கரம் 762 முறை சுற்றும். நான்காவது கியர் நேரடி என்பதால் 762ஐ 4.22ஆல் பெருக்கினால் எஞ்சின் சுற்று சுமார் 3200. கந்தளாய் வரை 3200இல் ஓடினால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஐந்தாவது கியர் 0.85 உள்ள பொக்ஸ் போட்டால் அதே வேகத்தில் 2730. அச்சும் 3.9 என்றால் 2530க்கு இறங்கும். கார் வேறு காராகிவிடும்.

உங்கள் பொக்ஸின் விகிதம் தெரியாவிட்டால், முன்தண்டை எத்தனை முறை சுற்றினால் பின்தண்டு பத்து முறை சுற்றுகிறது என்று சோக் கட்டியால் கோடு போட்டு எண்ணுங்கள். முன்தண்டு சுற்றுகளைப் பத்தால் வகுத்தால் விகிதம் வரும்.

அசல் எஞ்சினை விட மனமில்லை, ஐந்து கியரும் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. டட்சன் 210இன் ஐந்து கியர் பொக்ஸை பி.எம்.சி. எஞ்சினுக்குப் பூட்டும் இணைப்புத் தட்டுகள் வெளிநாட்டில் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளன. நல்ல கடைச்சல்காரர் ஒருவர் அளவெடுத்து அலுமினியத் தட்டில் செய்யலாம். ஆனால் கிராங்க்கின் மையமும் கியர்பொக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்ச்சும் பெயாரிங்கும் தேய்ந்து போகும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) எப்படியும் வெட்டி நீளம் மாற்ற வேண்டியிருக்கும். இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். படகுத் தண்டு கடையும் கை நம் ஊரில் உண்டு. அந்தக் கைகள் நேராகக் கடையும், நேராக ஒட்டும். அதன் பிறகு சமநிலை பார்க்க மட்டும் வெளியே அனுப்புங்கள். பூட்டும்போது எஞ்சினின் சாய்வும் டிஃபரன்ஷல் மூக்கின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 60ஐத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே அதிர்வு தொடங்கும்.

எடை

முன்பக்கத்தில் எடை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு எம்.ஜி. நிறுவனத்தின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1967இல் எம்.ஜி.பி.யின் உடலுக்குள் 2912 சி.சி. ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினைப் போட்டு எம்.ஜி.சி. என்று விற்றார்கள். அந்த எஞ்சின் பழைய நான்கு சிலிண்டரை விட ஏறக்குறைய 95 கிலோ கூடுதல். வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று விமர்சனம் வந்தது, 1969இல் நிறுத்திவிட்டார்கள். பின்னர் 1973இல் அதே உடலில் ரோவரின் 3528 சி.சி. அலுமினிய வி8 வந்தது. எட்டு சிலிண்டர் என்றாலும் எடை பழைய நான்கு சிலிண்டரின் அளவுதான். அந்தக் கார் நன்றாகத் திரும்பியது. ஆகவே எஞ்சின் வாங்கும் முன் சிலிண்டர் எண்ணிக்கையை விட்டு எடையை விசாரியுங்கள். ஹார்ட்வெயார் கடையிலோ நெல் ஆலையிலோ தராசு இருக்கும். பழைய எஞ்சினையும் பொக்ஸையும் முதலில் நிறுத்து எழுதிவையுங்கள். புதியது அதை விட 20 கிலோவுக்கு மேல் கூடினால் நான் தயங்குவேன்.

சூடு, உப்பு, பெற்றோல்

இங்கிலாந்தின் குளிருக்குச் செய்த ரேடியேட்டர் நம் ஆடி மாத வெயிலில் திணறும். கூடுதல் சி.சி. என்றால் கூடுதல் சூடு. மூன்று வரிசைக் குழாய் உள்ள ரேடியேட்டரும் மின்விசிறியும் வைக்க இடம் இருக்கிறதா என்று அளவெடுக்கும் நாளிலேயே பாருங்கள்.

கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றவே கூடாது. அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின் என்றால் உவர்த் தண்ணீர் அதன் தண்ணீர்ப் பாதைகளை அரித்து, ஹெட் கேஸ்கட் விளிம்பில் குழி விழுத்திவிடும். கூலண்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். வாங்கப் போகும் எஞ்சினிலும் இதையே பாருங்கள்: தேர்மோஸ்டாட் மூடியைக் கழற்றி உள்ளே வெள்ளைப் பொடியும் குழியும் இருந்தால் அந்த ஹெட் ஏற்கனவே நோயாளி.

இலங்கையில் 2002இலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் இல்லை. பழைய பி.எம்.சி. இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் ஈயத்தின் துணையோடு நிலைத்தது. அது இல்லாமல் மெல்ல மெல்லத் தேய்ந்து, டப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போகும். அந்த எஞ்சினைத் தேர்ந்தால் ஹெட்டில் கடினமான சீட் வளையங்கள் அடிக்கச் செலவு ஒதுக்குங்கள். யப்பான் அலுமினிய ஹெட்களில் சீட் வளையம் தனியாகவே பதிக்கப்பட்டிருக்கும்.

மின்சாரத்தில் ஒன்று மட்டும். 1967 வரையான மிட்ஜெட்களில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். யப்பான் எஞ்சினின் ஒல்டர்நேட்டருக்கு எதிர்முனை உடலில் இருக்க வேண்டும். மாற்றாமல் இணைத்தால் ஒல்டர்நேட்டர் அந்த நொடியே போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் கச்சேரிக்கு ஒரு நடை

எஞ்சின் எண், சேசிஸ் எண், சி.சி. மூன்றும் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் திருத்த வேண்டும். வாங்கிய பிறகு போய்க் கேட்பதை விட, வாங்கும் முன் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் என்னென்ன ஆவணம் தேவை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்ட பற்றுச்சீட்டும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்க ஆவணத்தின் பிரதியும் கேளுங்கள். எண் சுரண்டப்பட்டோ, மறுபடி அடிக்கப்பட்டோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

வாங்கும் நாள்

பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் விடியற்காலையில் போய்ச் சேருங்கள். அவசரம் இல்லாதபோதுதான் நன்றாகப் பார்க்க முடியும். அதற்கு முன் நம் மாவட்டத்திலேயே தேடுங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் உடல் உக்கி நிறுத்திய வேன்கள் உண்டு. ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து, நீங்கள் பார்க்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டுக் கழற்றும் எஞ்சின், தட்டில் பெயின்ட் அடித்து வைத்த எஞ்சினை விட மேல்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: கொம்பிரஷன் கேஜ், பிளக் ஸ்பானர், டோர்ச், ஒரு முழு பற்றரி, ஜம்ப் வயர், ஒயில் குப்பி, காந்தம்.

முதலில் ஒயில் மூடியின் அடிப்பக்கம். தயிர் போல வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சம்ப் ஒயிலில் காந்தத்தை விட்டு எடுங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு பரவாயில்லை, மினுங்கும் துகள் இருந்தால் திரும்பி வாருங்கள். முன் புலியை (கிராங்க்கின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டக்கென்று தட்டும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் கிராங்க்கின் பக்கவாட்டு வாஷர் போய்விட்டது.

பிறகு கொம்பிரஷன். பிளக் நான்கையும் கழற்றி, திரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று ஓட விடுங்கள். இந்த வகை எஞ்சின்களில் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் நல்லது. நான்குக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்: ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கட் போயிருக்கும். வால்வு என்றால் விலை பேசி வாங்கலாம். ரிங் என்றால் முழு ஓவர்ஹோல் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஓடும் நிலையில் இருந்தால், சூடேறிய பின் ஒயில் அழுத்தம் பாருங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது நல்ல மெக்கானிக்குகள் மனதில் வைத்திருக்கும் குறைந்த அளவு.

விலை பேசும்போது சிறு பொருட்களை மறக்க வேண்டாம். மவுண்ட் பிராக்கெட்டுகள், கிளட்ச் சிலிண்டர், கியர் தண்டு, ஸ்பீடோ வயர், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை, ஒல்டர்நேட்டர், காபரேட்டர், வயர் இணைப்புகளின் முனை. "இதெல்லாம் சும்மா கிடக்கிற சாமான்" என்று அன்றைக்குத் தருவார்கள்; ஒரு மாதம் கழித்துப் போனால் இருக்காது. என் கணக்கில், எஞ்சினுக்குக் கொடுத்த அளவு பணம் இன்னொரு முறை பூட்டும் வேலைக்குப் போகும். கையில் உள்ளதில் பாதிக்கு மேல் எஞ்சினுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு

கொழும்பிலிருந்து கொண்டுவர, பேலியகொடைக்கு மீன் ஏற்றிப் போய் வெறுமையாகத் திரும்பும் லொறிக்காரரைப் பிடிப்பது வழக்கம். செலவு குறையும். ஆனால் தட்டில் உப்புத் தண்ணீர் நிற்கும். எஞ்சினைப் பழைய ரயரின் மேல் இருத்தி, இன்லட், புகை வாய், தண்ணீர் வாய் எல்லாவற்றையும் துணி அடைத்து ரேப் ஒட்டி, பொலித்தீனால் மூடிக் கட்டிய பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, மறுநாளைக்கு என்று தள்ளாமல், பிளக் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி ஒயில் விட்டுக் கையால் நாலைந்து சுற்று சுற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். கார் தயாராகும் வரை வாரம் ஒரு முறை, பெரிய ஸ்பானரால் புலியைப் பிடித்து அரைச் சுற்று திருப்பி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்க வேண்டும். உப்புவெளித் தம்பி ஏ14 ஒன்றைக் கியர்பொக்ஸோடு கந்தளாயில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அதன் புலியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறார், பக்கத்துச் சுவரில் திகதி எழுதிவைத்திருக்கிறார். மவுண்ட் வெல்டிங் முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகும்.